உழைக்க இயலாதார் உரிமையும் ஒரு வழக்கறிஞர் தேர்வும்

உழைத்துப் பிழைப்பவருக்கு உடம்பே முதல். நிலமுடையவர் நோயுற்றால் நிலம் ஓரளவு சோறு போடும். கடை வைத்திருப்பவர் படுத்துவிட்டால் கடையை மகன் பார்த்துக் கொள்வான். கையையும் காலையும் நம்பிப் பிறந்த ஊரைவிட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் பலருக்கு இத்தகைய மறுதுணை அரிது. உடம்பு ஓய்ந்த அன்று என் செய்வது என்னும் கவலை அவர்கள் நெஞ்சின் ஓரத்தில் எப்பொழுதும் இருந்துகொண்டே இருக்கிறது. இக்கவலைக்குச் சட்டம் ஒரு விடை சொல்கிறது. ஆயினும் அந்த விடை எளிய மனிதரிடம் வந்து சேர வேண்டுமானால், சட்டத்தை அறிந்த ஒருவர் இடையில் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் உண்மையில் அதனை அறிந்தவர்தாமா என்பதற்கு யார் உறுதி கூறுவது? அமெரிக்க ஐக்கிய நாட்டில் இக்கேள்விக்கு ஒரு தேர்வின் மூலம் விடை காண முயன்றிருக்கிறார்கள். அத்தேர்வின் வரலாற்றையும், அதற்குப் படிப்போர் கற்க வேண்டியவற்றின் வரலாற்றையும் சேர்த்தே இங்கு நாம் காண்போம்.

அமெரிக்காவில் ஒருவர் ஏதேனும் ஒரு மாநிலத்தில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றுவிட்டால், அம்மாநிலத்தில் எத்தகைய வழக்கையும் நடத்தலாம். கொலை வழக்கு, சொத்து வழக்கு, உதவித்தொகை வழக்கு என்ற வேறுபாடு இல்லை. ஒரு துறையில் தனித் தேர்ச்சி உடையவர் என்று சொல்லிக்கொள்ள விரும்புவோர் மட்டுமே, அதன் பின்னர்ச் சிறப்புச் சான்றிதழை நாடுகின்றனர். நாடு தழுவிய சான்றளிக்கும் அமைப்புகளை அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் ஆராய்ந்து ஏற்பிசைவு தருகிறது. அதன் விதிகளின்படி, விண்ணப்பிப்பவர் குறைந்தது 3 ஆண்டுகள் தம் தொழிலில் நாலில் ஒரு பங்கையேனும் அத்துறையில் செலவிட்டிருக்க வேண்டும்; அந்த 3 ஆண்டுகளில் 36 மணி நேரமாவது தொடர்கல்வி பெற்றிருக்க வேண்டும்; அவருடைய திறமையை அறிந்தோர் ஐவரேனும் நற்சான்று கூற வேண்டும்; இவற்றோடு எழுத்துத் தேர்விலும் வெற்றி பெற வேண்டும். அத்தேர்வில் தொழில் ஒழுக்கம் பற்றிய வினாக்களும் இடம்பெற வேண்டும் என்பது விதி. பெற்ற சான்றும் என்றென்றைக்கும் உரியது அன்று. 5 ஆண்டுகளுக்குள் அதனைப் புதுப்பித்தாக வேண்டும். உடல் இயலாமை உதவித்தொகைச் சட்டம் இவ்வாறு சான்று வழங்கப்படும் துறைகளில் ஒன்று. வட கரோலினா போன்ற மாநிலத்தில் மாநில வழக்கறிஞர் அமைப்பே இத்துறைக்குச் சான்று வழங்குகிறது.

இத்தேர்வுக்குப் படிப்பவர் தம் முன் விரித்து வைக்கும் ஏடுகள் வறண்ட விதித் தொகுப்புகளாகவே தோன்றும். கூர்ந்து நோக்குவோமாயின், ஒவ்வொரு விதிக்கும் பின்னால் உதவி கேட்டு வந்து, கிடைக்காமல் திரும்பிப்போன மனிதர் ஒருவர் நிற்பதைக் காணலாம்.

வேலை செய்ய இயலாதவருக்குக் காப்புறுதி முறையில் உதவ வேண்டும் என்னும் எண்ணத்தை நாடு தழுவிய சட்டமாக முதலில் ஆக்கியது ஜெர்மனி. பிஸ்மார்க் காலத்தில், 1889இல், முதுமைக்கும் இயலாமைக்கும் சேர்த்து அங்குச் சட்டம் இயற்றப்பட்டது. அமெரிக்காவோ நெடுங்காலம் தயங்கிற்று. பெரும் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், 1935 ஆகஸ்ட் 14ஆம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் முதியோர் ஓய்வூதியம் இருந்தது. உழைக்க இயலாதோருக்கான காப்புறுதி இல்லை. முதுமையை ஆண்டுக் கணக்கால் அளந்துவிடலாம், இயலாமையை எதனால் அளப்பது என்பதே அன்றைய அச்சம். போலியாக நோயுற்றவர்கள் கருவூலத்தைக் காலி செய்துவிடுவார்கள் என்றும் பலர் வாதிட்டனர். 1954இல் ஒரு சிறு அடி எடுத்து வைக்கப்பட்டது: இயலாமையால் வேலையை விட்டவருடைய ஓய்வூதியக் கணக்கு அதனால் குறைந்துவிடாதபடி காக்கப்பட்டது, கையில் பணம் எதுவும் தரப்படவில்லை. 1956இல்தான் உண்மையான உதவித்தொகை வந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் அதனை வன்மையாக எதிர்த்தது. செனட் சபையில் அதற்கு ஆதரவாக 47 வாக்குகளும் எதிராக 45 வாக்குகளும் விழுந்தன. இரண்டே வாக்குகளில் பிழைத்த அந்தச் சட்டமும் 50 வயது நிரம்பியவர்க்கே உதவியது. 30 வயதில் கால் இழந்தவர் 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த வயது வரம்பு 1960இல் நீக்கப்பட்டது.

சொற்களோடு நாள்தோறும் பழகும் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு, இச்சட்டத்தில் இயலாமைக்குக் கூறப்படும் இலக்கணம் தனிச் சுவை உடையது. அன்றாட வழக்கில் கை இல்லாதவரையும் கண் தெரியாதவரையும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம். அமெரிக்கச் சட்டமோ உறுப்பை நோக்குவதில்லை; உழைப்பை நோக்குகிறது. மருத்துவச் சோதனையால் நிறுவத்தக்க உடற்குறையோ மனக்குறையோ காரணமாக, குறிப்பிடத்தக்க ஊதியம் தரும் எவ்வேலையும் செய்ய இயலாதவர் எவரோ அவரே உதவிக்கு உரியவர். அந்நிலை 12 மாதமேனும் நீடிக்க வேண்டும், அல்லது இறப்பில் முடியக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது 1965இல் வரையறுக்கப்பட்டது. பழைய வேலை மட்டுமன்றி, நாட்டின் பொருளாதாரத்தில் கணிசமாக உள்ள வேறு எவ்வேலையையும் செய்ய முடியாதவராக இருக்க வேண்டும் என்று 1967இல் திருத்தம் வந்தது. அவ்வேலை அவருடைய ஊரில் இருக்கிறதா, அங்கு இடம் காலியாக இருக்கிறதா, கேட்டால் கொடுப்பார்களா என்பன பற்றிச் சட்டத்துக்குக் கவலை இல்லை. ‘எவ்வேலையும்’ என்னும் ஒரு சொல்லில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிவதும் அணைவதும் அடங்கியிருக்கின்றன.

தேர்வர் அடுத்துக் கற்பது, இத்துறையில் இரு வேறு திட்டங்கள் உண்டு என்பதாகும். ஒன்று, உழைத்த காலத்தில் சம்பளத்திலிருந்து வரி செலுத்தியவருக்கான காப்புறுதி. மற்றொன்று, 1972இல் சட்டமாகி 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த துணை வருமானத் திட்டம். வருவாயும் சொத்தும் மிகக் குறைந்த முதியோர், பார்வையற்றோர், உழைக்க இயலாதோர் ஆகியோருக்கு உரியது. முதல் திட்டத்தில் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. பொதுவாக, கடந்த 10 ஆண்டுகளில் 5 ஆண்டு அளவுக்கேனும் வரி செலுத்தியிருந்தால்தான் காப்புறுதி உயிரோடு இருக்கும். உடல் தளர்ந்து வேலையை விட்டு, சரியாகிவிடும் என்று நம்பிச் சில ஆண்டுகள் பொறுத்துப் பின்னர் விண்ணப்பிப்பவர், காப்புறுதி மாய்ந்த நாளுக்கு முன்பே தாம் இயலாமையுற்றதை மெய்ப்பிக்க வேண்டும். அந்நாளைய மருத்துவச் சீட்டு இல்லையேல் வழக்கும் இல்லை. யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று பொறுத்திருந்தவரே இக்கண்ணியில் மிகுதியும் சிக்குகிறார். ஆதலால், இந்த நாளை முதலில் கணக்கிடுவதே தேர்ந்த வழக்கறிஞரின் முதல் வேலை.

பிறகு வருவது ஐந்து வாயில்களைப் போன்ற ஐந்து வினாக்கள். 1978இல் இவ்வரிசை விதியாக வகுக்கப்பட்டது. கோரிக்கையாளர் இப்பொழுது குறிப்பிடத்தக்க ஊதியம் ஈட்டுகிறாரா? அவருடைய குறை கடுமையானதா? அரசு வகுத்த நோய்ப் பட்டியலில் கண்ட அளவை அது எட்டுகிறதா? எட்டாவிடில், முன்பு செய்த வேலையைச் செய்ய அவரால் இயலுமா? இயலாதெனில், வேறு வேலை ஏதேனும் செய்ய இயலுமா? முதல் நான்கு வாயில்களில் மெய்ப்பிக்கும் பொறுப்பு கோரிக்கையாளருடையது. ஐந்தாவதில், வேறு வேலை உண்டென்று காட்டும் பொறுப்பு அரசின் மேல் விழுகிறது. வாதப்போர் பெரும்பாலும் இந்த ஐந்தாம் வாயிலில்தான் நிகழ்கிறது.

அவ்வாயிலுக்கென்று கட்டம் போட்ட அட்டவணை ஒன்றும் அக்காலத்தில் உருவாயிற்று. வயது, கல்வி, முன் வேலையின் திறன், இப்பொழுது தாங்கக்கூடிய சுமை ஆகிய நான்கையும் பொருத்திப் பார்த்தால் விடை தானே வரும். ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். எட்டாம் வகுப்போடு நின்று, சுமை தூக்கியே வாழ்ந்த 52 வயதுத் தொழிலாளி ஒருவர் முதுகெலும்பு பழுதுபட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்தபடி, 10 ராத்தலுக்கு மேற்படாத பொருளை மட்டுமே எடுக்க அவரால் முடியும் என்று முடிவானால், அட்டவணை அவருக்கு உதவித்தொகை தருகிறது. நின்று நடந்து, 20 ராத்தல் வரை தூக்க முடியும் என்று முடிவானால் இல்லை என்கிறது. 10 ராத்தலே தூக்க முடிந்தாலும், அவருக்கு 48 வயதாக இருந்தால் அப்பொழுதும் இல்லை என்கிறது. பத்து ராத்தல் எடையிலும் நான்கு வயதிலும் ஒருவர் வாழ்வு நிற்கிறது. ஆகவே மருத்துவர் தரும் குறிப்பில் ‘கனமானவற்றைத் தூக்கக் கூடாது’ என்று மொத்தமாக எழுதியிருந்தால், எத்தனை ராத்தல், நாளில் எத்தனை நேரம் என்று கேட்டு எழுதி வாங்கத் தெரிந்தவரே இத்தொழிலில் கைதேர்ந்தவர்.

இந்த அட்டவணை செல்லுமா என்னும் கேள்வி 1983இல் ஹெக்லர் எதிர் கேம்பெல் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வழக்குத் தொடுத்தவர் பனாமா நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறி, விடுதியொன்றில் பணிப்பெண்ணாக உழைத்தவர். முதுகுவலியும் இரத்தக் கொதிப்பும் உடையவர். ஆங்கிலம் அதிகம் அறியாதவர். அட்டவணை செல்லும் என்றே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியேறியோர் மனங்கொள்ள வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் பேசவோ படிக்கவோ இயலாமையை வேலை பெறுவதற்கு ஒரு தடையாக அந்த அட்டவணையின் கல்விப் பகுதி ஏற்றிருந்தது. 2020 ஏப்ரலில் அப்பகுதி நீக்கப்பட்டது. பிறமொழி வழங்கும் இடத்தில் மொழி தெரியாமல் வேலை தேடியவர்க்கு அந்தத் தடை எத்தகையது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அட்டவணை பொருந்தாத இடங்களில் தொழில்நிலை வல்லுநர் ஒருவர் வந்து, இவர் செய்யக்கூடிய இன்னின்ன வேலைகள் நாட்டில் இத்தனை ஆயிரம் உண்டு என்று சாட்சி சொல்கிறார். அவர் கையாண்டு வந்த தொழிற்பெயர் அகராதி முதலில் 1939இல் வெளியிடப்பட்டது. கடைசியாக 1991இல் திருத்தப்பட்டது. கணிப்பொறி வந்து உலகமே மாறிய பின்னும், கொட்டைப்பருப்பைத் தரம் பிரிக்கும் வேலை உமக்கு உண்டு என்று கூறி மக்களைத் திருப்பியனுப்பினர். இத்தகைய அருகிப்போன வேலைகள் பலவற்றைக் காரணம் காட்டும் வழக்கத்தைச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 2024இல்தான் கைவிட்டது. வல்லுநர் தம் கணக்கின் மூல ஆதாரத்தைக் காட்ட மறுத்தாலும், அதனாலேயே அவருடைய சாட்சியம் தள்ளுபடியாகிவிடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எனவே அவரைக் குறுக்கு விசாரணை செய்யும் கலையும் தேர்வருக்கு இன்றியமையாத பாடமாகும்.

இனி இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்துக்கு வருவோம். ஏழைகளுக்கான நிதியுதவியை நிறுத்துமுன் நேரில் விசாரிக்க வேண்டும் என்று 1970இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இயலாமை உதவித்தொகையை நிறுத்துவதற்கு அவ்வாறு முன்விசாரணை தேவையில்லை என்று 1976இல், மாத்யூஸ் எதிர் எல்ட்ரிட்ஜ் வழக்கில், கூறிற்று. அதன் விளைவு சில ஆண்டுகளில் தெரிந்தது. உதவி பெறுவோர் அனைவரையும் காலந்தோறும் மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று 1980இல் சட்டம் வந்தது. 1981 மார்ச் முதல் அப்பணி மிக விரைவாக நடந்தது. 1984க்குள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரின் உதவித்தொகை நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்தவர்களில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேருக்கு அது மீண்டும் கிடைத்தது. மனநோயுற்றோரே பெரிதும் துன்புற்றனர். வந்த கடிதத்தின் பொருளை உணர்ந்து, குறித்த நாளுக்குள் மறுமொழி எழுதும் நிலையில் அவர்களுள் பலர் இல்லை. அவர்களுடைய கோரிக்கைகளை வெளியிடப்படாத உள்விதி ஒன்றால் அரசு மறுத்து வந்ததும் பின்னர் வெளிப்பட்டது. மறைக்கப்பட்ட விதியை அறியாதவரிடம் காலக்கெடு தவறியதைக் குற்றமாகச் சொல்லலாகாது என்று 1986இல், நியூயார்க் நகர வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாடெங்கும் எழுந்த குமுறலின் பயனாக 1984இல் சீர்திருத்தச் சட்டம் வந்தது. உடல்நிலை மருத்துவ முறையில் மேம்பட்டிருப்பதாகக் காட்டினாலன்றிப் பொதுவாக உதவியை நிறுத்தலாகாது என்று அது விதித்தது. கீழ்ச்சபையில் 402 வாக்குகள், செனட்டில் 99 வாக்குகள்; எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. 1956இல் இரண்டு வாக்குகளில் பிழைத்த உரிமைக்கு 28 ஆண்டுகளில் ஒருமனதான ஆதரவு கிடைத்தது. இன்று ‘மருத்துவ மேம்பாடு’ என்னும் இரு சொற்களைத் தேர்வர் மனப்பாடம் செய்கிறார். அச்சொற்களுக்கு ஐந்து இலட்சம் பேர் கொடுத்த விலையையும் அவர் அறிந்திருத்தல் நன்று.

இத்தனை சிக்கலில் எளியவர் தமக்குத் தாமே வாதாடுவது எங்ஙனம்? நிர்வாகச் சட்ட நீதிபதியின் முன் நடக்கும் விசாரணையில் அரசின் சார்பில் பொதுவாக எதிர்வழக்கறிஞர் வருவதில்லை. உண்மையைத் தாமே துருவி அறிவது நீதிபதியின் கடமை. இதனால் வழக்கறிஞர் வேண்டா என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. பணமில்லாதவர் வழக்கில் ஊதியமும் இல்லை. நீதிமன்றத்தில் வென்றால் நிலுவைத் தொகையில் நாலில் ஒரு பங்குக்கு மேற்படாத கட்டணம் பெறலாம் என்று 1965இல் சட்டம் வகுத்த பின்னரே இத்துறை ஒரு தொழிலாக வளர்ந்தது. கட்டண உடன்பாட்டு முறையில் இன்று நாலில் ஒரு பங்கு அல்லது ஓர் உச்சவரம்பு, இவற்றுள் குறைந்ததே கிடைக்கும்; அவ்வரம்பு 2024 நவம்பரில் 9,200 டாலராக உயர்த்தப்பட்டது. வழக்கறிஞர் அல்லாதாரும் கோரிக்கையாளருக்காக வாதிடலாம். அவர்கள் தம் கட்டணத்தை அரசிடமிருந்து நேரே பெற வேண்டுமாயின், 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த தனித் தேர்வொன்றில் தேற வேண்டும்.

மருத்துவர்கள் சிறப்புத் தேர்வு முறையை 1916இல் கண் மருத்துவத்தில் தொடங்கிவிட்டார்கள். வழக்கறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் தயங்கினார்கள். 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியா மாநிலம் முதன்முதலாகச் சிறப்புச் சான்று வழங்க முன்வந்தபோது தேர்ந்தெடுத்த மூன்று துறைகளுள் குற்றவியல், வரிவிதிப்பு ஆகியவற்றோடு தொழிலாளர் விபத்து இழப்பீடும் ஒன்று என்பது கருதத்தக்கது. 1977இல் வழக்கறிஞர் விளம்பரம் செய்யும் உரிமை ஏற்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தேசிய வழக்காடல் தேர்வு வாரியமும் தோன்றிற்று. அவ்வாரியத்தின் சான்றைத் தம் கடிதத் தாளின் தலைப்பில் அச்சிட்டதற்காக இல்லினாய் மாநில வழக்கறிஞர் ஒருவர் கண்டிக்கப்பட்டார். 1990இல் பீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அக்கண்டனம் செல்லாது என்றது. உண்மையான சான்றை மறைக்கச் சொல்வது மக்களுக்கு நன்மை செய்வதாகாது என்பதே அதன் கருத்து. 1993 முதல் வழக்கறிஞர் சங்கம் சான்றளிக்கும் அமைப்புகளை மதிப்பிடலாயிற்று.

சிறப்புச் சான்று கட்டணத்தை உயர்த்தும் சூழ்ச்சி என்று குறை கூறுவோர் உண்டு. மற்றத் துறைகளில் அது எவ்வாறாயினும், இத்துறையில் அக்குறை பெரிதும் பொருந்தாது; தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் உச்சவரம்பு ஒன்றே. ஆகவே இதற்கெனப் பல மாதம் கண்விழித்துப் படிப்பவர் பணத்துக்காக மட்டுமே படிப்பதாகக் கூற இயலாது. தேர்வு ஒன்றே ஒருவரைப் பரிவுடையவராக்கிவிடும் என்பதும் இல்லை. கட்டில் விட்டெழாதவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடி எடுக்கும் பொறுமையை எந்த வினாத்தாள் சோதிக்கும்?

நம் நாட்டில் இதனையொத்த துறைவாரித் தேர்வு வழக்கில் இல்லை. உச்ச நீதிமன்றப் பதிவு வழக்கறிஞர் தேர்வு உண்டு. அஃது அந்நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யும் உரிமையைப் பற்றியது. ஆயினும் நம்மிடமும் உடற்குறையை எண்ணால் அளக்கும் மரபு பழையது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், எந்த உறுப்பை இழந்தால் உழைக்கும் திறனில் நூற்றுக்கு எத்தனை குறையும் என்று கணக்கிட்டிருந்தார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. நூற்றுக்கு 40க்குக் குறையாத பாதிப்புடையோருக்குத் தனி நலன்களையும் அளிக்கிறது. வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர் இரு செய்திகளை நினைவிற்கொள்வது நலம். அச்சட்டத்தின்படி பெற்ற மாற்றுத்திறன் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். மாநில எல்லையைக் கடந்ததால் அதன் மதிப்புக் குறையாது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, மாற்றுத்திறனாளிகளும் தொழிற்சாலைத் தொழிலாளரும் தம் வருமானம் எவ்வளவாயினும் கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி கேட்கலாம். மாவட்ட நீதிமன்றத்தை ஒட்டி இயங்கும் சட்டப் பணிகள் ஆணையத்தில் விண்ணப்பித்தால் போதும்.

உதவ வருபவர் இச்சட்டத்தை எவ்வளவு கற்றிருக்கிறார் என்று கேட்டறியும் உரிமை உதவி நாடுவோருக்கும் உண்டு. காப்புக்குரிய நாள் எது, எத்தனை ராத்தல் தூக்க முடியும், பழைய மருத்துவச் சீட்டு எங்கே என்பவற்றை முதலில் கேட்பவரா, கையொப்பத்தை மட்டும் கேட்பவரா என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.